பிட்டைக் குறைப்பதா, சைக்கிளை மிதிப்பதா?

வெறுவயிற்றுச் சீனி 112. என் இரத்தப் பரிசோதனைத் தாளில் வைத்தியர் பேனையால் வட்டம் போட்ட எண் அது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. "இது இன்னும் வருத்தம் இல்லை ஐயா. ஆனா வருத்தத்தின்ரை படலையிலை கையை வைச்சிட்டியள்," என்றார். வெறுவயிற்றில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் சீனி 100 முதல் 125 மில்லிகிராம் வரையும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையும் இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை. 126ஐயோ 6.5ஐயோ தொட்டால் நீரிழிவு. இடுப்பையும் அளந்தார். 96 சென்ரிமீற்றர். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லையாம். குளிசை எழுதவில்லை. "மூண்டு மாதம் சாப்பாட்டையும் உடம்பையும் பாருங்கோ. பிறகு திருப்பி இரத்தம் குடுத்திட்டு வாங்கோ."

எனக்கு வயது 47. யாழ்ப்பாண நகரில் மேசை வேலை, வீடு கோண்டாவில். நான் வீட்டுக்கு வருமுன் ஆலோசனைகள் வந்துவிட்டன. பக்கத்து மேசைக்காரர் ஜிம்மில் சேரச் சொன்னார். அம்மா குரக்கன் என்றார். கனடாவில் இருக்கும் அக்கா, சோற்றை அடியோடு நிறுத்தும்படி வாட்ஸ்அப்பில் ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்பினார். வழமையான தேத்தண்ணிக் கடைக்காரர், "சீனியை விட்டிட்டுப் பனங்கட்டியைக் கடியுங்கோ, அதிலை ஒண்டுமில்லை" என்று ஒரு துண்டைக் கையிலேயே வைத்தார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் பத்தாம் நாள் எல்லாமே நின்றுவிடும். என் பழைய டயறிகளில் ஜனவரி மாதத்துக்கு மட்டும்தான் எழுத்து இருக்கும், அவ்வளவுக்கு நான் என்னை அறிவேன். அதனால் ஒவ்வொரு யோசனையையும் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தேன். வேலை நாளில், அதுவும் அலுத்துப்போய் வீடு வரும் செவ்வாய்க்கிழமையில், இது நடக்குமா? கார்த்திகை மழையில் நடக்குமா? எனக்கென்று தனிச் சட்டி வைக்காமல், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டியில் நடக்குமா? உடம்புக்கு எது மிகச் சிறந்தது என்ற கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினேன். மிகச் சிறந்ததை நான் இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் கைவிட்டிருக்கிறேன்.

சாப்பாடு முதலா, பயிற்சி முதலா? இதற்குப் பெரிய ஆய்வுகளே இருக்கின்றன. அமெரிக்காவில் என்னைப் போல் படலையில் நிற்கும் 3,234 பேரை மூன்று பிரிவாக்கிச் சராசரி 2.8 வருடம் பின்தொடர்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் 7 வீதத்தைக் குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் உடம்பை அசைப்பது என்ற இலக்கோடு இருந்த பிரிவில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மெற்ஃபோமின் குளிசை எடுத்த பிரிவில் 31 வீதம். அங்கே சாப்பாடும் அசைவும் சேர்ந்தே வேலை செய்தன.

ஆனால் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது சென்னைக் கணக்கு. வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 இந்தியர்களை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. நம்மைப் போல் சோறும் மாவும் தின்கிறவர்கள். மூன்று வருடத்தில், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேர், குளிசை எடுத்தவர்களில் ஏறத்தாழ 40 பேர். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். இதில் நல்ல செய்தியும் உண்டு, கெட்ட செய்தியும் உண்டு. பழக்கம் குளிசைக்குச் சமமாக நின்றது நல்லது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் இரண்டில் ஒருவருக்கு மேல் மூன்று வருடத்தில் படலையைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்கள் என்பது மற்றது.

பயிற்சியால் மட்டும் எடையைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட்டேன். எண்ணெயில் பொரித்த ஒரு றோல்ஸில் உள்ளதைக் கழிக்க அரைமணி நேர நடை போதாது. எடைக்குச் சாப்பாடு. ஆனால் இரத்தத்தில் சுற்றும் சீனியை இழுத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசை, அது அசைந்தால் இன்னும் நன்றாக இழுக்கும். ஆக இரண்டும் வேண்டும், இரண்டிலும் ஒவ்வொன்று மட்டும் தெரிவு செய்வது என்று முடிவெடுத்தேன்.

சாப்பாட்டில் எந்த வேளை? மதியத்துக்குக் கொண்டுபோகும் பெட்டியில் சோறு, பருப்பு, கீரை, ஒரு மரக்கறி, மீன். சோற்றில் ஓர் அகப்பை குறைத்தால் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. உண்மையில் யாழ்ப்பாணத்து மதியச் சாப்பாடு, அளவை மட்டும் பார்த்துக்கொண்டால், எந்த டயற் தாளுக்கும் தோற்காது. காலையில் கிழமைக்கு மூன்று நாள் பாணும் சம்பலும். அதில் இரண்டு நாளை அவித்த பயறுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் மாற்றியதில் வீட்டில் யாரும் சண்டைக்கு வரவில்லை. சின்னவனுக்குப் பயறு பிடிக்கும்.

இரவுதான் சிக்கல். எங்கள் வீட்டில் இரவு என்றால் பிட்டு அல்லது இடியப்பம். எட்டரைக்குச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுக்கை. நாள் முழுதும் கதிரையில் இருந்த உடம்பில் அதிக மாவை இறக்கிவிட்டு நேரே பாயில் சாய்வது. ஒருநாள் சமையலறைத் தராசை எடுத்து என் கோப்பையை நிறுத்துப் பார்த்தேன். பிட்டு மட்டும் 340 கிராம். நீத்துப்பெட்டியில் இருந்து கவிழ்த்தபோது கூம்பாக நின்றதில் முக்கால்வாசி என் கோப்பையில் இருந்தது. பக்கத்தில் இரண்டு கரண்டி கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, ஊற்றக் கொஞ்சம் சொதி. "உங்கடை பங்கு அது தானே," என்றார் மனைவி. இருபது வருடமாக யாரும் அளந்து பார்க்காத பங்கு.

மாவை மாற்றுவதா, அளவை மாற்றுவதா என்பதுதான் உண்மையான ஒப்பீடு. எல்லோரும் முதலில் மாவைத்தான் மாற்றச் சொல்வார்கள், நானும் அதில்தான் தொடங்கினேன்.

எங்கள் வழமை அவித்த கோதுமை மாவும் வறுத்த சிவப்பரிசி மாவும் பாதிப் பாதி. முதல் கிழமை முழுச் சிவப்பரிசி. ருசிக்கு அதுதான் எனக்கு முதலிடம், சுடுதண்ணீர் ஊற்றிப் பேணியால் கொத்தும்போதே வாசம் வரும். தவிடு இருப்பதால் நாரும் சத்தும் கூட. ஆனால் சிவப்பு என்றால் சீனி ஏறாது என்பது நம் ஊர் நம்பிக்கை. 2008இல் வெளியான சர்வதேச கிளைசீமிக் அட்டவணையில் சராசரியாக வெள்ளை அரிசிச் சோற்றுக்கு 73, தவிட்டு அரிசிச் சோற்றுக்கு 68, வெள்ளைப் பாணுக்கு 75. இனத்துக்கு இனம், சமைக்கும் விதத்துக்கு விதம் இது மாறும். இருந்தாலும் 73க்கும் 68க்கும் உள்ள தூரம், ஒரு கோப்பைக்கும் இரண்டு கோப்பைக்கும் உள்ள தூரத்தை ஈடுசெய்யாது. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், நல்ல அரிசி. அதைச் சாட்டி இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளத்தான் கூடாது.

இரண்டாம் கிழமை அம்மாவின் குரக்கன். நாரில் இதற்குத் தனி இடம் உண்டு. 100 கிராம் குரக்கன் மாவில் 11 கிராம் அளவில் நார் இருக்கிறது, வெள்ளைக் கோதுமை மாவில் 3 கிராம்கூட இல்லை. கல்சியமும் 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி. பிட்டாக அவித்தால் அரைக் கோப்பையிலேயே வயிறு நிரம்பியதுபோல் ஒரு கனம் வரும், எனக்கு அது பெரிய உதவி. ஆனால் இதே குரக்கனைக் கஞ்சியாகக் கரைத்து, மேலே சீனியும் போட்டுக் குடித்துவிட்டு "குரக்கன் தானே" என்பவர்கள் இருக்கிறார்கள். கூழாகக் கரைத்த மா வயிற்றில் வேகமாகவே சீனியாகிவிடும். பிள்ளைகள் இரண்டு நாள் பொறுத்தார்கள், மூன்றாம் நாள் கோப்பையை ஒதுக்கிவிட்டார்கள். கிழமைக்கு இரண்டு நாள் என்று உடன்பாடு ஆயிற்று.

காய்ந்த பனங்கிழங்கு மாவில் அவிக்கும் ஒடியற்பிட்டு எனக்கு உயிர். நார் நிறைந்தது, நம் மண்ணில் விளைவது, சூடை மீன் குழம்போடு சேர்த்தால் வேறெதுவும் வேண்டாம். ஆனால் மாவை ஊறவைத்துக் கைப்பெடுத்துப் பிழிந்து அவிக்க வேண்டும். அந்த வாசம் பிள்ளைகளுக்கு ஆகாது. மூன்று கேள்வியில் இரண்டில் விழுந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம்.

இடியப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அது மெல்லியது, எண்ணிக்கை தெரியாது. பன்னிரண்டு போனபிறகுதான் எத்தனை என்று கேட்கத் தோன்றும். ஒரு வசதி, எண்ணி வைத்துவிடலாம். ஐந்து.

சோற்றையும் மாவையும் அடியோடு நிறுத்தும் அக்காவின் யோசனை கிலோக் கணக்கில் வேகமாகக் குறைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இரவுக்குப் பிட்டு இல்லையென்றால் எனக்கென்று வேறு சட்டி அடுப்பில் ஏற வேண்டும். அதை ஏற்றுகிறவர் நான் அல்ல. டயற் பற்றிப் பேசும் ஆண்கள் பெரும்பாலும் மறந்துவிடும் செலவு இது.

கடைசியில் அளவுதான் வென்றது. மா எதுவானாலும் 170 கிராம், முன்பிருந்ததில் பாதி. கோப்பையில் பாதிக்கு வறை. முருங்கையிலை, பொன்னாங்காணி, கோவா, பயற்றங்காய், எது மலிவோ அது. மருதனார்மடம் சந்தைக்குக் காலையில் போனால் கீரைக்குப் பஞ்சமில்லை. மரக்கறியும் பழமுமாக நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் கணக்குப் பார்த்தபோது 150கூட உள்ளே போகவில்லை. குழம்பில் மிதக்கும் இரண்டு கத்தரித் துண்டை மரக்கறி என்று எண்ணி வந்திருக்கிறேன். மிச்சக் கால் பங்கில் மீன், முட்டை அல்லது கடலை. சூடையும் நெத்தலியும் விலையிலும் குறைவு, முள்ளோடு தின்றால் கல்சியமும் சேரும். கருவாட்டை மட்டும் அளவோடு வைத்துக்கொண்டோம், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற எல்லையைக் கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சேர்ந்தால் ஒரே வேளையில் எட்டிப் பிடித்துவிடும்.

வறையையும் மீனையும் முதலில் தின்று, மாவைக் கடைசியில் தின்றால் சீனி மெதுவாக ஏறும் என்கிறார்கள், அதற்கு ஆய்வும் இருக்கிறது. முயன்றேன். சொதி ஊற்றிக் குழைக்காத பிட்டைக் கடைசியில் தனியாகத் தின்பது தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு நாளோடு சரி.

தேத்தண்ணி விஷயத்தை ஒரு பந்தியில் முடிக்கலாம். நாளுக்கு நாலு தரம், தரத்துக்கு இரண்டு கரண்டி என்றால் 35 முதல் 40 கிராம் சீனி. சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பனங்கட்டியில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, மணமும் உண்டு, ஆனால் அதுவும் பெரும்பகுதி அதே சுக்குரோஸ். கடைக்காரர் கோபித்தாலும் உண்மை அதுதான். வெறும் தேத்தண்ணியோடு ஒரு சிறு துண்டைக் கடிப்பதில் ஒரே ஒரு லாபம், துண்டு கண்ணுக்குத் தெரியும், அளவும் தெரியும். போத்தல் குடிவகைக்கு 2016 முதல் இலங்கையில் நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். சிவப்பை விட்டேன். தேத்தண்ணியில் மூன்று கிழமையில் அரைக் கரண்டிக்கு இறங்கினேன். அதற்குக் கீழே இறங்க மனமில்லை.

இனி உடம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் கேட்கிறது. பத்தாயிரம் அடி என்று தொலைபேசி சொல்வது 1965இல் யப்பானில் ஓர் அடியெண்ணும் கருவியை விற்க வைத்த பெயரில் இருந்து வந்தது. 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுகிறது, அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 8,000 முதல் 10,000. எண்ணைப் பார்த்துப் பயந்து தொடங்காமலே இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஜிம்மை நான் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்தவன். நாலு வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் வருடக் காசை முன்கூட்டியே கட்டி 19 நாள் போனேன். முதல் கிழமையே பாரத்தைக் கூட்டிப் போட்டார்கள், வலது தோள் இரண்டு மாதம் தூக்க விடவில்லை. காசு திரும்பவில்லை. பெயர் எதற்கு, காசை முழுதாகக் கட்டியது என் அவசரம். அதற்காக ஜிம்மே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தசைக்கு அதைப்போல் முறையான இடம் இல்லை, மழையும் வெயிலும் அங்கே இல்லை. அதைவிட முக்கியமாக, நம் ஊரில் பெண்கள் வீதியில் வேகமாக நடந்தால் "எங்கை அவசரமாப் போறியள்" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் ஜிம் என்றால், பலருக்கு யார் கண்ணும் படாமல் வியர்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். என் செவ்வாய்க்கிழமைக் கேள்வியில் மட்டும் ஜிம் விழுந்தது. மாதம் மாதமாகக் கட்டும் இடத்தைத் தேடுங்கள் என்பது மட்டும் என் அனுபவ ஆலோசனை.

பண்ணைக் கடற்கரை நடை அழகு. பின்னேரம் சூரியன் கடலில் இறங்கும், ஒரு பக்கம் கோட்டை, காற்று இலவசம். ஆரியகுளத்தைச் சுற்றியும் இப்போது நடைபாதை இருக்கிறது. நகரத்துக்குள் வீடு என்றால் நான் யோசிக்காமல் இதையே தெரிவு செய்திருப்பேன். ஆனால் எனக்கு அலுவலகம் முடிந்து அங்கே போய், நாற்பது நிமிடம் நடந்து, வீடு சேர ஏழு மணி. அதோடு கடலைச் சுருளும் ஐஸ்கிறீமும் அங்கேயே நிற்கும். முதல் நாள் போய்விட்டு இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

சைக்கிள் கொட்டிலில் இருந்தது. 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் தூசு தட்டி எடுத்தது, கியூஆர் குறியீட்டில் பெற்றோலைப் பங்கிடும் முறை வந்து வரிசை குறைந்ததும் திரும்பவும் மூலைக்குப் போய்விட்டது. எங்கள் தலைமுறைக்குச் சைக்கிள் புதிதா என்ன? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது நெல்லு மூட்டையில் இருந்து நோயாளி வரை எல்லாம் சைக்கிளில்தான் போனது. அந்தக் காலத்து நினைவே சிலருக்கு அதைத் தொட விடாமல் செய்கிறது, மோட்டார் சைக்கிள் வந்தபின் மிதிப்பது கௌரவக் குறைவு என்று. இதைக் கடப்பதுதான், முழங்கால் வலியைக் கடப்பதைவிட, எனக்குக் கடினமாக இருந்தது. முதல் நாள் திருநெல்வேலிச் சந்தையடியில் ஒரு பழைய வகுப்புத் தோழன் மறித்து, "ஏன் ராப்பா, பைக்கை வித்துப்போட்டியே?" என்று கேட்டான்.

கணக்கு மட்டும் பிழையே இல்லை. வீட்டில் இருந்து அலுவலகம் ஐந்து கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லாத ஊர். மோட்டார் சைக்கிளில் 12 நிமிடம், மிதித்தால் 20 நிமிடம். போய்வர 40, ஐந்து நாளில் 200 நிமிடம். 150இன் எல்லையைத் தாண்டியாயிற்று. இதற்காக நான் கூடுதலாகச் செலவழிப்பது நாளுக்கு 16 நிமிடம்தான். பண்ணை நடை நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கேட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2017இல் வந்த ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்களிடையே இறப்பு 41 வீதம் குறைவாக இருந்தது. சைக்கிளில் போகிறவர்கள் ஏற்கெனவே திடகாத்திரமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் இதில் எப்போதும் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் சின்ன எண் அல்ல.

குறைகளையும் சொல்ல வேண்டும். பலாலி வீதியில் சைக்கிளுக்கென்று தனித் தடம் கிடையாது. தனியார் பஸ் ஒன்றையொன்று முந்தும் நேரத்தில் மண்ணுக்கு இறங்கி நிற்பதே புத்தி. இருட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் வெளிச்சம் இல்லாமல் ஓடவே கூடாது. சித்திரை வெயிலில் ஏழரைக்கு முன் வெளிக்கிட்டால்தான் சட்டை நனையாமல் போய்ச் சேரலாம், இல்லையென்றால் மாற்றுச் சட்டையும் துவாயும் பையில் வேண்டும். காற்றும் ஆள் பார்க்கும். சோளகம் வீசும் மாதங்களில் காலையில் தெற்கே நகரத்தை நோக்கி மிதிக்கும்போது முகத்தில் அடிக்கும், பின்னேரம் அதுவே முதுகில் தள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும். வாடைக் காலத்தில் எதிர்மாறு. கார்த்திகை மழையில் கிழமைக்கு இரண்டு நாள்தான் ஓட முடிந்தது. மழைக் கேள்வியில் சைக்கிள் பாதி விழுந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பாதியை நிரப்பியது நான் எதிர்பாராத ஒன்று. இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் பத்து நிமிடம் நடப்பது. நியூசிலாந்தின் ஒற்றாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வு இதற்கு ஆதாரம். நாளுக்கு ஒரே தடவையாக அரைமணி நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டின் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின்னான சீனி 12 வீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டின் பின் மட்டும் பார்த்தால் 22 வீதம். அவர்களும் இரவில்தான் மாச்சத்தை அதிகம் தின்று, அதன்பின் அசையாமல் இருந்தவர்கள். கதை நம்முடையது போலவே இருக்கிறது அல்லவா.

எங்கள் ஒழுங்கை இருநூறு மீற்றர். ஒரு கையில் ரோச், மறு கையில் பூவரசந்தடி. தடி நாய்க்கு. இரண்டு தரம் போய்வந்தால் நேரம் சரி. மழை என்றால் விறாந்தையில் நடப்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். செலவு இல்லை, உடுப்பு மாற்றத் தேவையில்லை, செவ்வாய்க்கிழமைக்கும் கார்த்திகைக்கும் ஒரே விதமாக நிற்கிறது. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால் சைக்கிளை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

தசைக்கு வீட்டிலேயே ஏதோ செய்கிறேன். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, பூக்கண்டுக்கு மோட்டரைப் போடாமல் கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றுவது. ஜிம்முக்கு ஈடாகாது, ஒன்றும் இல்லாததற்கு ஈடாகும்.

என் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. முழங்கால் தேய்ந்த அம்மாவுக்குச் சைக்கிள்தான் நடையைவிட வலி குறைவாக இருந்திருக்கும், ஆனால் 74 வயதில் வீதியில் விட முடியாது. அவருக்கு முற்றத்தில் மெல்ல நடையும் கதிரைப் பயிற்சியும். நாள் முழுதும் ஓட்டோ ஓடும் என் மைத்துனருக்கு இரவுச் சாப்பாட்டைவிடக் கடைக் கொத்தும் சிவப்பு வட்டச் சோடாவும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. தோட்ட வேலை செய்கிறவருக்குப் பயிற்சி தேவையே இல்லை, அளவு மட்டும் தேவைப்படலாம். ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர்கள் திடீரென மாவைப் பாதியாக்கி நடக்கவும் தொடங்கினால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், காலில் புண் உள்ளவர்களும் முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

மூன்று மாதம் முடிந்தது. எடை 78 கிலோவில் இருந்து 74.5. இடுப்பு 92. வெறுவயிற்றில் 103, எச்பிஏ1சி 5.8. இன்னும் படலையடியில்தான், கையை மட்டும் எடுத்திருக்கிறேன். தாளைப் பார்த்த வைத்தியர் என்னைப் பாராட்டுவார் என்று நிமிர்ந்து இருந்தேன். அவர் கேட்டது வேறு.

"வீட்டிலை ஆரைய்யா சமைக்கிறது?"

"மனைவி."

"அவவுக்குப் பாத்தாச்சே?"

பார்க்கவில்லை. அதே பிட்டு, அதே சொதி, என்னைவிட ஒரு மணி நேரம் பிந்திச் சாப்பாடு, வயது 44. 35 தாண்டினாலே ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். ஒழுங்கையில் இப்போது அவரும் கூட நடக்கிறார், அன்றிரவு நடக்கும்போது சொன்னேன். வியாழக்கிழமை காலை வெறுவயிற்றோடு போகிறோம். புதன் இரவுக்கு என்ன வைப்பது என்று கேட்டதற்கு, "ஒடியற்பிட்டு. உங்கடை அளவிலை இல்லை, என்ரை அளவிலை," என்றார்.